மீனுக்குப் போட்ட பொரி

இல்ல மாப்பிள்ளை, தொட்டித் தண்ணி பவுடர் போடாமலே தெளியும். நான் சொல்றேன்ல.

நீங்க சிரிக்கிறது எனக்குத் தெரியுது. அந்தப் பிளீச்சிங் பொட்டலத்த மொதல்ல கீழ வைங்க. தொட்டிச் சுவத்து மேல வேணாம், தவறி உள்ள விழுந்துச்சுன்னா அத்தன மீனும் போச்சு. கீழ. ஆங், அப்படி.

உக்காருங்க. செண்பகம் துணி காயப்போட்டுட்டு வந்து காப்பி போடுவா. இந்த முருங்கக் கீரைய நான் உருவி முடிக்கிறதுக்குள்ள சொல்லிப்புடுறேன்.

எங்கயோ கேட்டதில்ல, கண்ணால பாத்தது. இந்தக் கொல்லைச் சுவத்துக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுல நடந்தது.

பூமிநாதண்ணன் வீட்டுல இதே மாதிரி ஒரு சிமிண்டுத் தொட்டி. அவரு தீயணைப்பு ஆபீசுல வேலை பாத்து ஓய்வானவரு. பெரிய வீரன். ஒருக்கா கொட்டாம்பட்டிப் பக்கம் கெணத்துல விழுந்த எருமைய உள்ள எறங்கி, கயிறு கட்டித் தூக்கிட்டாரு. அந்த எருமைக்காரன் வருசா வருசம் மாட்டுப் பொங்கலுக்கு எருமைக்கு மால போட்டு இவரு வாசல்ல கொண்டாந்து நிப்பாட்டுவான். அது நின்ன எடத்துல சாணியப் போட்டுட்டுப் போவும். மதினிதான் அள்ளணும்.

மதினின்னா குருவம்மா, அவரு சம்சாரம். தொட்டியும் மீனும் அவுகளோடது.

நல்ல செவப்பு மீனுக. பெரிசு ஒண்ணுக்கு மூக்குல கரும்புள்ளி, அதனால அதுக்குப் பேரு மூக்காயி. மதினி போயி தண்ணியில வெரல வச்சா வந்து முட்டும். நாங்கூட ஒரு நா வச்சுப் பாத்தேன். வரல. ஆளத் தெரிஞ்சு வச்சிருந்துச்சு.

அந்த வருசம் மதினிக்கு நெஞ்சுல ஆபரேசன். மதுரையில மக வீட்டுல தங்கி வைத்தியம். போகும்போது இவருகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாக, மூக்காயியப் பாத்துக்கங்கன்னு.

தெனம் போனு வரும். மூக்காயி என்ன செய்றான்னு கேப்பாக. நீந்துறான்னு இவரு சொல்லுவாரு.

அப்பத்தான் ஆயுதபூச வந்துச்சு. பழைய ஆபீசுப் பயலுக அண்ணனுக்குன்னு ஒரு மூட்டை பொரி கொண்டாந்து எறக்குனாங்க. அதே வாரத்துல தெருவுல வந்த கிளிசோசியக்காரன், வீட்டம்மாவுக்குக் கண்டம் இருக்கு, மீனுக்குப் பொரி போட்டு வாங்க, கழிஞ்சிரும்னு சொல்லிட்டான்.

மூட்டை வீட்டுல இருக்கு. மீனு கொல்லையில இருக்கு. கேக்கணுமா?

காலையில ஒரு படி. மத்தியானம் ஒரு படி. மதுரையிலருந்து போனு வந்து, மதினி கொரலு கொஞ்சம் சோந்து கேட்டுச்சுன்னா, உடனே இன்னொரு படி.

அவரு சாப்பிட்டாரான்னா, அது இல்ல. அடுப்பு பத்தவக்கிறதே கெடையாது. நான் சுவத்துக்கு மேலால கொழம்பு குடுத்தா, கிண்ணம் மறுநா அப்படியே திரும்பி வரும். நல்லா இருந்துச்சும்மான்னு சொல்லிக் குடுப்பாரு. தொட்டுக்கூட பாத்திருக்க மாட்டாரு.

தண்ணி பச்சையாச்சு.

மொதல்ல லேசா. அப்புறம் கீரை மசிச்ச மாதிரி. சுவரெல்லாம் பாசி நூலு நூலாத் தொங்குது. அந்த வருசம் மழையும் ஏமாத்திருச்சு, ஐப்பசியில சித்திரை வெயிலு.

இவருக்குத் தெரிஞ்சது ஒரே வித்தை. தண்ணி பீச்சுற ஓஸ் குழாய எடுத்தாரு. பாதித் தண்ணிய எறச்சுட்டு, பீச்சி அடிச்சுக் கழுவி, புதுத் தண்ணி விட்டாரு. ரெண்டு மூணு நா கண்ணாடியா இருந்துச்சு. திரும்பப் பச்சை. மறுபடி எறச்சாரு. மறுபடி பச்சை. கடைசியில மீனையெல்லாம் அண்டாவுல அள்ளிவிட்டுட்டு, தொட்டிய அடியோட தேச்சுக் கழுவுனாரு. அதுல ஒரு குட்டி மீனு செத்துப் போச்சு.

அதத் தூக்கி வாழைக்குப் பொதைச்சுட்டு, பயத்துல அன்னிக்கி ரெண்டு படி பொரி சேத்துப் போட்டாரு.

புதுத் தண்ணி முன்னவிட வெரசாப் பச்சையாச்சு. மூக்காயி அதுக்குள்ள எங்க கெடக்குன்னே தெரியல. இருக்கா இல்லையான்னே தெரியல. வெரல வச்சாப் புழு கூட வரல.

அப்ப மதினி போன்ல சொல்லிட்டாக. டாக்டரு சரின்னுட்டாரு, கார்த்திகைத் தீபத்துக்கு வீட்டுல இருப்பேன், தொட்டியச் சுத்தி வெளக்கு வைக்கணும்னு.

நீந்துறாளான்னு கேட்டாக.

நீந்துறான்னு சொல்லிட்டு, போன வச்சுட்டு, இதே மாதிரி ஒரு பொட்டலம் வாங்கியாந்தாரு. பிரிச்சு, தொட்டிப் பக்கத்துல நின்னாரு. போட முடியல. மடிச்சு வச்சுட்டு, சட்டைகூட மாத்தாமக் கொடிக்கால் சாமியப் பாக்கக் கெளம்பிட்டாரு.

கொடிக்கால் சாமின்னா பெரிய தாடி, சடைன்னு நெனச்சுக்காதீக. சின்ன ஆளு. அண்ணனுக்கு ஒரு மகன் இருந்தா அந்த வயசுதான். சோழவந்தான் பக்கத்துல ஒரு வெத்தலைக் கொடிக்கால்ல குடிசை போட்டுக் கெடந்துச்சு. எங்கருந்து வந்துச்சுன்னு ஆளுக்கு ஒரு கதை. காதல்ல தோத்துருச்சும்பாக. காலேசுல வாத்தியாரும்பாக. லாரி செட்டுல கணக்குப்பிள்ளைம்பாக. எம் மாமியா மட்டும், அதெல்லாம் இல்ல, அது வீட்டுல சோறு நல்லா இருந்திருக்காதும்பாக.

சாமி குத்தவச்சு வெத்தலை கிள்ளிக்கிட்டு இருந்துச்சாம்.

"சாமி, தண்ணி தெளிய மாட்டேங்குது"ன்னாரு.

சாமி அடுத்த வெத்தலையக் கிள்ளுச்சு.

இவரு எறச்சதச் சொன்னாரு, கழுவுனதச் சொன்னாரு, அண்டாவச் சொன்னாரு, செத்த குட்டியச் சொன்னாரு. கார்த்திகைக்கு அவ வந்துருவாளேன்னாரு.

"இன்னும் என்ன சாமி செய்யணும்?"

"செஞ்சது பத்தலையாண்ணே?"ன்னு கேட்டுச்சு சாமி.

அப்புறம் காலடியில ஓடுற வாய்க்காலக் கை காட்டுச்சு. அகத்தி நெழல்ல, கொடிக்குக் கொடி ஓடுற தண்ணி. அடியில கெடக்குற கூழாங்கல்லு தெரியுது. ஒரு தும்பு பாசி இல்ல.

இவரு பாத்தாரு. குடிக்கச் சொல்லுதுன்னு நெனச்சு, குனிஞ்சு ரெண்டு கை அள்ளிக் குடிச்சாரு.

சாமிக்குச் சிரிப்பு வந்துருச்சு. துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, வாங்க போவோம்னு அதுவே முன்னாடி நடந்துச்சு.

வந்து தொட்டியப் பாத்துச்சு. பொரி மூட்டையப் பாத்துச்சு. சுருட்டி வச்சிருந்த ஓஸப் பாத்துச்சு.

மொதக் காரியமா ஓஸ எடுத்துக் குறுக்க அறுத்துச்சு. நான் இங்க சுவத்து மேல தலைய வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கேன். அண்ணனுக்கு உசுரே போன மாதிரி. கையிலயே வளந்த சாமான்ல. அந்த ரெண்டு துண்டையும் பக்கத்துப் பக்கத்துல, முருங்க மரத்துக்கும் கெணத்துக் கல்லுக்குமா இழுத்துக் கட்டுச்சு. அதுமேல தன்னோட மாத்து வேட்டிய விரிச்சுக் கட்டுச்சு. காவி வேட்டி. பாதித் தொட்டி நெழலாப் போச்சு.

தெருவுல போறவனெல்லாம், சாமி தொட்டிக்கு முண்டாசு கட்டிருச்சுன்னு சிரிச்சான்.

அப்புறம் சாமி ஒரு குச்சிய எடுத்து, பாசியில விட்டுத் திருகுச்சு. சேமியா மாதிரி சுத்திக்கிட்டு வந்துச்சு. ஒரு கை அளவு எடுத்து வாழைக்குப் போட்டுச்சு. நாளைக்கும் இம்புட்டுத்தான், இதுக்கு மேல எடுக்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு.

பொழுது சாஞ்சுச்சு. அண்ணனுக்குப் பொரி போடுற நேரம். படியில அள்ளிட்டு வந்து கைய ஓங்குனாரு.

சாமி நடுவுல உள்ளங்கைய நீட்டுச்சு.

"சாமி, இது மீனுக்கு."

"ம்."

"அவ உசுருக்குப் போடுறது சாமி."

"அதான, போடுங்கண்ணே."

"மீனு வாயில விழணும்னு சோசியரு..."

சாமி தொட்டி மூலையக் காமிச்சுச்சு. காலையில போட்ட பொரி ஊறி உப்பி, அப்படியே மெதக்குது. ஒண்ணைக்கூட ஒரு மீனும் தொடல.

"பசிச்ச வாயில விழுந்தாத்தான புண்ணியம்"னுச்சு.

அண்ணன் ஓங்குன கைய எறக்குனாரு. அப்புறம் அந்தப் படிப் பொரியச் சாமி கையில கொட்டுனாரு. சாமி அங்கயே தொட்டிச் சுவத்துல உக்காந்து, ஒண்ணு விடாமத் தின்னுட்டு, தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போயிருச்சு.

மறுநாளும் வந்துச்சு. அதுக்கு மறுநாளும். போனு வந்து இவரு கலங்குற அன்னிக்கி ரெண்டு படி. சாமி வேணாங்கல. நான் பொட்டுக்கடலையும் வெல்லமும் குடுக்கட்டுமான்னு கேட்டேன். குடுங்கன்னு வாங்கிக்கிருச்சு. நல்லாத்தான் சாப்புடும், குத்தம் சொல்லக்கூடாது.

தண்ணி உடனே தெளியல மாப்பிள்ளை. அதையும் சொல்லிப்புடணும். பச்சை போயி ஒரு மாதிரி பழுப்பாச்சு. வீச்சம் வேற. அண்ணனுக்குக் கையெல்லாம் பரபரங்குது. வாளிய எடுப்பாரு, வைப்பாரு. தண்ணி வத்துனதுக்கு மட்டும் ஒரு கொடம் ஊத்திக்கலாம்னு சாமி சொல்லியிருந்துச்சு. அந்த ஒரு கொடத்தோட நிறுத்துறதுக்கு அவரு பட்ட பாடு, கெணத்துல எறங்கி எருமையத் தூக்குறப்பக்கூட அப்படி வேத்திருக்காது.

மீனு செத்தே போயிருச்சு, அவளுக்கு என்ன பதில் சொல்லன்னு ஒரு நா சுவத்துக்கு இந்தப் பக்கமா எங்கிட்ட கேட்டாரு. எனக்கு என்ன தெரியும்? கீரை இருக்கு வேணுமான்னு கேட்டேன்.

கார்த்திகை பொறந்துச்சு. ஒரு காலையில, நான் வாசல் தெளிச்சுட்டுக் கொல்லைப்பக்கம் வாரேன், அண்ணன் கூப்பிடுறாரு. கொரலே வித்தியாசமா இருக்கு. சுவத்துல ஏறிப் பாத்தேன்.

தொட்டியோட அடி தெரியுது. எப்பவோ விழுந்த மதினியோட கரண்டி ஒண்ணு அடியில கெடக்கு, அது தெரியுது. சுவத்துல இருந்த பாசிய மீனுக கொத்திக் கொத்தித் தின்னு வச்சிருக்கு. வேட்டி நெழலுக்குள்ள இருந்து மூக்காயி மெதுவா வெளிய வந்துச்சு. மூக்குல கரும்புள்ளி.

அண்ணன் ஈரத் தரையிலயே உக்காந்துட்டாரு. ஆம்பள அழுதா எனக்குப் பாக்க முடியாது, எறங்கிட்டேன். கொஞ்ச நேரங் கழிச்சு அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. ஒத்தையா உக்காந்து சிரிக்கிறாரு.

தீபத்தன்னிக்கிக் காலையில மதினி வந்துட்டாக. கார விட்டு எறங்குனவுக, வீட்டுக்குள்ளகூடப் போகல. மக கையப் பிடிச்சுக்கிட்டு நேராக் கொல்லைக்கு வந்து, தண்ணியில வெரல வச்சாக.

வந்து முட்டுச்சு.

சாமியும் வந்திருந்துச்சு. மதினி எல்லாரையும் ஒரு சுத்துப் பாத்தாக. மீனும் எளச்சிருக்கு, நீங்களும் எளச்சிருக்கீக, இந்தச் சாமிக்கு மட்டும் எப்படி வயிறு வச்சுச்சுன்னு கேட்டாக. நான் சிரிச்ச சிரிப்புல சுவத்துலருந்து விழுந்திருப்பேன்.

அண்ணனுக்குத் தலகால் புரியல. உள்ள ஓடிப்போயி, மூட்டையில அடியில கெடந்த பொரிய வழிச்சுக்கிட்டு வந்தாரு. ஒரு கைதான் இருந்துச்சு.

"சாமி, அவ நல்லபடியா வந்துட்டா. இந்த ஒரு கைய மட்டும் மீனுக்குப் போட்டுறட்டுமா?"

சாமி உள்ளங்கைய நீட்டும்னு எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கோம். நீட்டல.

அண்ணனோட மணிக்கட்டப் பிடிச்சுச்சு. பிடிச்சு, மெதுவாத் திருப்பி, அவரு வாயிக்கே கொண்டு போச்சு.

அண்ணன் வாங்கிக்கிட்டாரு. மென்னாரு. அப்பத்தான் பசிக்குதுன்னே தெரிஞ்ச மாதிரி முழிச்சாரு. தொட்டிச் சுவத்துல உக்காந்து, உள்ளங்கையில ஒட்டுனதக்கூட விடாமத் தின்னாரு.

என்ன மாப்பிள்ளை, கை அப்படியே நின்னுபோச்சு? நீங்க பேச்சு வாக்குல எத்தன தடவ பொரிய அள்ளித் தொட்டியில போட்டீகன்னு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

அடி செண்பகம், துணி காயப்போட்டது போதும். தொட்டி மேல இருக்குற பொரி டப்பாவ உள்ள எடுத்துட்டு வா, மாப்பிள்ளை காலையிலருந்து ஒண்ணுமே சாப்பிடல.