முகில்முடி மலையின் மூன்று குடிசைகள்

வெகு வெகு காலத்துக்கு முன்னால், மலைகள் வளர்வதை இன்னும் நிறுத்தாத காலத்தில், முகில்முடி என்றொரு மலை இருந்தது. இந்தப் பக்கம் மிளகூர், அந்தப் பக்கம் சந்தை. உச்சிவரை ஏறவே மூன்று நாள். வழியில் ஒதுங்க ஒரு கூரை கிடையாது.

ஒரு வருஷம் அந்த மலையில் ஒரு குடிசை தெரிந்தது. ஏறிப்போன தேன்காரன் திரும்பவில்லை. மறு வருஷம் இரண்டாவது குடிசை தெரிந்தது. ஏறிப்போன மிளகு வியாபாரி திரும்பவில்லை. அதற்கடுத்த வருஷம் மூன்றாவது குடிசை தெரிந்தது. ஏறிப்போன கொம்பையா திரும்பவில்லை.

கொம்பையாவின் அக்கா சடைச்சி. நாற்பது வயது. பாலைப் பார்த்தால் திரிந்துவிடுமோ, மேகத்தைப் பார்த்தால் இடி விழுமோ என்று எந்நேரமும் கவலைப்படுகிறவள். அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் அந்தத் தம்பிதான்.

“நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்” என்றாள்.

நாட்டாமை சிரித்தார். “பொம்பளை போற மலையா அது?”

“ஆம்பளைங்க மூணு பேரு போனாங்களே, வந்து சேர்ந்தாங்களா?”

கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஏறினாள்.

முதல் நாள் அந்தி. ஆலங்கட்டி மழை. எதிரே குடிசை, திறந்த கதவு, உள்ளே நெருப்பு, சுடுகஞ்சி வாசனை. சடைச்சி வாசலிலேயே நின்றாள். மிளகூரில் வீட்டுக்காரர் ‘வா’ என்று சொல்லாமல் யாரும் வாசற்படி தாண்ட மாட்டார்கள்.

“வீட்டுல யாரு?”

பதில் இல்லை. ஒரு தூண் மட்டும் முனகியது.

“ஆள் இல்லாத வீட்டுல திருடியாட்டம் நுழையவா?” என்று சொல்லி, மழையைத் திட்டிக்கொண்டே வெளியில் குந்தியிருந்து பொழுதை விடியவைத்தாள்.

இரண்டாம் நாள் அந்தி. இரண்டாவது குடிசை.

“வீட்டுல யாரு?”

பதில் இல்லை. சுவர் பெருமூச்சு விட்டது. அன்றைக்கும் வெளியிலேயே கிடந்தாள்.

மூன்றாம் நாள், உச்சிக்குப் பக்கத்தில் மூன்றாவது குடிசை. பாதம் வெடித்து ரத்தம். பல் கிடுகிடுவென்று அடித்தது.

“வீட்டுல யாரு?”

கூரை நடுங்கியது. பனிக்குள்ளிருந்து ஒரு மந்திரவாதி வந்து நின்றான். முழங்கால்வரை தாடி.

“ரெண்டு ராத்திரி நனைஞ்சது போதாதா? உள்ளே போம்மா.”

“வீட்டுக்காரங்க கூப்பிடட்டும்.”

“நான்தான் வீட்டுக்காரன். வா.”

“அப்படியா? உப்புச் சட்டி எங்க இருக்கு, சொல்லு.”

மந்திரவாதி விழித்தான். “வலது பக்கம்… இல்ல, இடது… எந்த ஆம்பளைக்கு அது தெரியும்?”

“என் தம்பிக்குத் தெரியும். தள்ளி நில்லு!”

அவன் கோலை ஓங்கினான். “கல்லாக்கிடுவேன்!”

“ஆக்கு. கல்லானாலும் உன் வழியிலதான் கிடப்பேன்.”

ஒருமுறை ஜெபித்தான். இருமுறை ஜெபித்தான். மும்முறை ஜெபித்தான். அவள் தலையில் ஒரு மயிர்கூட அசையவில்லை. அவன் எழுப்பிவைத்த மாயக் குடிசைக்குள் கூப்பிடாமல் நுழைந்தவர்கள்மேல்தான் அவன் மந்திரம் பலிக்கும்.

சடைச்சிக்குப் புரிந்துவிட்டது. “ஓகோ! உள்ளே போனவங்களைத்தான் உன்னால ஏதாவது செய்ய முடியும். என் தம்பியை என்னடா செஞ்சே?”

சுவரை ஓங்கித் தட்டினாள். “வீட்டுல யாரு? பதில் வராம நான் நகர மாட்டேன்! வீட்டுல யாரு?”

சுவர் விரிந்தது. உள்ளிருந்து ஒரு குரல் திக்கித் திக்கி வந்தது.

“வீட்டுல யாரும் இல்ல அக்கா. வீடே நான்தான்.”

தான் யாரென்று அவன் வாயாலேயே சொன்னதுதான் தாமதம். கூரை தலைமுடி ஆயிற்று. தூண்கள் கையும் காலும் ஆயின. கொம்பையா பனியில் பொத்தென்று விழுந்தான். கீழே மற்ற இரண்டு குடிசைகளும் எழுந்து நின்று, தேன்காரனாகவும் வியாபாரியாகவும் கை வீசின. மந்திரம் முறிந்த மந்திரவாதி புகையாக மெலிந்து காற்றோடு போனான்.

சடைச்சி தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள். “யாரைக் கேட்டுடா உள்ளே போனே?”

“குளிருச்சு அக்கா.”

“எனக்கு மட்டும் குளிரலையா?” என்றவள், அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

இறங்கும்போதே நான்கு பேருமாக மரம் வெட்டி, மூன்று இடத்திலும் நிஜமான குடிசை கட்டினார்கள். ஊரே மேளத்தோடு எதிரே வந்தது. விஷயம் கேட்ட ராஜா அந்த மலைவழி முழுவதையும் சடைச்சியின் பொறுப்பில் விட்டார்.

நாட்டாமைக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. “பெரிய காரியம்தான் தாயி. இனிமே வீட்டோட இரு.”

“அடுத்த வாரம் சந்தைக்குப் போறேன். மூட்டை தூக்க ஆள் வேணும். நீங்க வர்றீங்களா?”

நாட்டாமை தூக்கினார். அன்றிலிருந்து அது சடைச்சி வழி. அந்த வழியே போனவர்கள் எல்லோரும் வீடு திரும்பினார்கள்.