நிறுத்து என்று யார் சொல்வது?

மத்தகராயர் யானையின் கரும்புச்சாறு என்றால் காடே சப்புக்கொட்டும். ஊரெல்லாம் கடை போட அவருக்கு உடம்பு வணங்கவில்லை. பேரை மட்டும் வாடகைக்கு விட்டார். குளத்தங்கரையில் அந்தப் பேரில் கடை போட்டவன் நாகப்பன் நரி.

கடைக்கு வேலைக்கு வந்தாள் கொறிப்பாயி அணில். சாறு பிழியும் ஆலையின் உருளைகளுக்கு நடுவே கரும்பு வைப்பது அவள் வேலை. ஆலையைச் சுற்றி நடந்து அந்த உருளைகளை ஓட்டுவது செவலைக்காளையின் வேலை.

யானைக் கடை இல்லையா? கரும்பு வைக்கிறவளுக்குத் தும்பிக்கை கட்டாயமாம்! வாழைமட்டையில் ஒரு நீளத் தும்பிக்கை செய்து, பலாப்பிசின் தடவி, அவள் மூக்கில் ஒட்டிவிட்டார் மத்தகராயர். அதைத் தூக்குவதற்குள் அவளுக்குத் தாவு தீர்ந்துவிடும்.

"தும்பிக்கையைத் தூக்கி வணக்கம் சொல்லு!" என்பார் யானை.

"வணக்கமெல்லாம் அப்புறம்! சீக்கிரம் கரும்பை வை!" என்பான் நரி.

"சரிங்க முதலாளி!" என்று இருவருக்கும் சொல்லிவைப்பாள் பாவம்.

ஒருநாள் மத்தகராயர் கடையைப் பார்வையிட வந்தார். ஏகப்பட்ட கூட்டம். கொறிப்பாயி வணக்கமும் சொல்லி, கரும்பையும் வைத்தாள். அவ்வளவுதான், தும்பிக்கையின் நுனி உருளைகளுக்குள் மாட்டிக்கொண்டது! ஆலை அவளை உள்ளே இழுத்தது.

"ஐயோ, முதலாளி! நிறுத்தச் சொல்லுங்க!"

நரி வாயைத் திறந்தான். சட்டென்று மூடிக்கொண்டான். நிறுத்தச் சொன்னால் அவனே முதலாளி என்று ஆகிவிடுமே! அப்புறம் வைத்தியச் செலவு யார் தலையில் விழும்?

"மாட்டினது தும்பிக்கை. அது ஐயாவோட சொத்து. ஐயாதான் சொல்லணும்!" என்றான்.

"நல்லா இருக்கே கதை!" என்றார் யானை. "தும்பிக்கை மட்டும்தான் என்னுது. அதுக்குப் பின்னால ஒட்டியிருக்கிற அணில் உன்னுது!"

"ஒட்டினது யாரு?"

"சம்பளம் கொடுக்கிறது யாரு?"

கொறிப்பாயிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "மூக்கு உள்ளே போகுதுங்க! யாராவது ஒருத்தர் முதலாளியா இருந்து தொலைங்களேன்!"

"இரு, இரு. மூக்கு யாரைச் சேர்ந்ததுன்னு பேசி முடிச்சிடுறோம்" என்றார் யானை நிதானமாக.

வரிசையில் நின்ற கரடி, "எனக்கு இஞ்சி தூக்கலா ஒண்ணு!" என்றது.

இதையெல்லாம் கேட்டபடி சுற்றிக்கொண்டிருந்த செவலைக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"இவரும் முதலாளி இல்லை, அவரும் முதலாளி இல்லை. அப்போ நான் எந்தப் பைத்தியக்காரனுக்காகச் சுத்திக்கிட்டு இருக்கேன்?"

காளை நின்றது. பிறகு அப்படியே பின்னால் நடந்தது. உருளைகள் திரும்பிச் சுழன்றன. தும்பிக்கை வெளியே வந்தது. கொறிப்பாயி அதைப் பிய்த்தெடுத்தாள்; பிசினோடு மூக்குத் தோலும் கொஞ்சம் உரிந்து வந்தது.

"வா தங்கச்சி, போகலாம்!" என்று நுகத்தை உதறியது செவலை.

இருவரும் நடையைக் கட்டினார்கள். "சாறு எங்கே? சாறு எங்கே?" என்று கூட்டம் கூச்சல் போட்டது. நரியும் யானையும் அவர்கள் பின்னால் ஓடினார்கள்.

"ஏய், நில்லுங்க! முதலாளி சொல்றேன்!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

கொறிப்பாயி நின்றாள். எரிகிற மூக்கைப் பிடித்தபடி கூட்டத்தைப் பார்த்தாள்.

"எல்லாரும் கேட்டீங்களா?"

"கேட்டோம்!" என்றது கூட்டம்.

"அப்படின்னா நடங்க முதலாளிமாரே, வைத்தியர் வீட்டுக்கு!"

அவளை நிஜத் தும்பிக்கையில் தூக்கிக்கொண்டு போனார் யானை. முனகிக்கொண்டே மருந்து வாங்கித் தந்தான் நரி.

வேலை ஏவ வாய் இருக்கிறவர், ஆபத்து வந்தால் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.