சீனி என்று கொடுத்த சம்புடம்

என் மீசைமேல் சத்தியம், இதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை! பொய்யென்றால் பாதி மீசையை நீங்களே சிரைத்துவிடுங்கள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பாளையங்கோட்டையில் வீட்டுக்காரர் சிவனணைந்தான் அண்ணாச்சி மாடியில் இருந்தார். கீழ்வீட்டில் வாடகைக்குச் சுலைகா பீவி. காலி செய்யச் சொல்வதானால் நோட்டீஸ் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும், கொடுத்தபின் ஒரு மாதம் பொறுக்க வேண்டும். இது இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம்.

அண்ணாச்சியின் மகள் தலைப்பிரசவத்துக்கு வரவிருந்தாள். மாடிப்படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே கீழ்வீடு வேண்டும். அண்ணாச்சி நோட்டீஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்குவார். "வாங்க அண்ணாச்சி" என்று பீவி, தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த இனிப்பு வட்டிலப்பத்தை நீட்டுவார். தின்ற வாயால் காலி பண்ணச் சொல்ல முடியுமா? நோட்டீஸோடு திரும்ப ஏறுவார். ஏறி இறங்கியே படியெல்லாம் தேய்ந்து சறுக்குமரம் ஆகிவிட்டது.

ஒருநாள் பீவி வட்டிலப்பத்தை மூடி போட்ட சம்புடத்தில் வைத்துக் கொடுத்தார். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்புவது அண்ணாச்சி வீட்டில் வழக்கமில்லை. கழுவித் துடைத்து, உள்ளே நோட்டீஸை மடித்து வைத்து, கொண்டுபோய்க் கையில் கொடுத்தார்.

"என்ன அண்ணாச்சி இதுல?"

"சும்மா... கொஞ்சம் சீனி, தங்கச்சி."

பீவி அதை அடுக்களை அலமாரியில் வைத்தார். அந்த வீட்டு எறும்புகளை உங்களுக்குத் தெரியாது. தூங்குகிற பூனையைத் தூக்கி வாசலில் இறக்கிவிட்டு, அதன் பாலைக் குடிக்கிற கூட்டம்! இனிப்பு எந்த டப்பாவில் இருந்தாலும் சுற்றிலும் தேர்த் திருவிழாதான். இந்தச் சம்புடத்தை மட்டும் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

மாதம் முடிந்தது. மறுநாள் மகள் வருகிறாள்.

"கெடு முடிஞ்சிட்டுல்லா, தங்கச்சி?"

"என்ன கெடு? சீனின்னுல்லா சொன்னீய!"

சம்புடத்தை எடுத்துத் திறந்தார்கள்.

"இன்னைக்குத்தான் நோட்டீஸே வந்திருக்கு. இன்னும் ஒரு மாசம் இருக்கு" என்றார் பீவி.

"அன்னைக்கே கையில வாங்கினது நீதான?"

"நான் வாங்கினது சீனி!"

நீங்களே சொல்லுங்கள், அந்த ஒரு மாதம் எந்த நாளில் தொடங்குகிறது? யார் பேச்சில் நியாயம்?

நியாயம் பீவி பக்கம். சீனி என்று சொல்லிக் கொடுத்தது நோட்டீஸ் ஆகாது. திறந்த நாளில்தான் மாதம் தொடங்கும். ஆனால் எறும்பு அண்டாத சம்புடத்தில் சீனி இல்லையென்று பீவிக்கு முதல் நாளே தெரியும்; மகள் பிரசவத்துக்கு வருகிற சேதியும் தெரியும். தெரிந்துதான் முன்னறையை ஒழித்து, ஜன்னலோரம் கட்டில் போட்டு வைத்திருந்தார். "கெடுவெல்லாம் நமக்குத்தான் அண்ணாச்சி, வயித்துப் பிள்ளைக்கு ஏது? அவ இங்கேயே என்கூட இருக்கட்டும்." அண்ணாச்சி நோட்டீஸை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, சம்புடத்தில் உண்மையான சீனி கொண்டுவர மாடிக்கு ஓடினார்.

நான் சொன்னேன் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். பீவி காதுக்குப் போனால், எனக்கு வருகிற வட்டிலப்பம் எறும்புக்குப் போய்விடும்.