முட்டைகளைத் துலக்கிய செங்கமலம்

ஊழிப் பெருவெள்ளத்தில் உலகெல்லாம் அமிழ்ந்தபோது, ஓர் ஆலிலையைத் தொட்டிலாக்கி அதன்மேல் கண்வளர்ந்தானே, அந்தக் குழந்தையின் திருவடிகளை முதலில் வணங்குகிறேன். மாளிகை இல்லை, மதில் இல்லை, மிதக்கும் இலை ஒன்றே அவனுக்குப் போதுமானதாயிற்று. அவனை நெஞ்சில் இருத்திக்கொண்டு, நீரின்மேல் மிதந்த வேறொரு வீட்டின் கதையைச் சொல்லுகிறேன்.

அல்லிமங்கலத்து ஏரியில் முக்குளிப்பான் குடும்பம் ஒன்று வாழ்ந்துவந்தது. முக்குளிப்பான் என்பது வாத்தினும் மிகச் சிறிய நீர்ப்பறவை. அரவம் கேட்டால் குபுக்கென்று மூழ்கி, யாரும் எதிர்பாராத இடத்தில் போய்த் தலைநீட்டும். தந்தையின் பெயர் தெய்வநாயகம். தாயின் பெயர் அம்புயம். மூத்த மகள் செங்கமலம், தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும் பருவத்தை அப்போதுதான் எட்டியிருந்தாள்.

அவர்கள் வீடு, நீர்ப்பாசியையும் அழுகிய கோரையையும் குவித்துச் செய்த ஒரு மேடு. கோரைத் தாள்கள் சிலவற்றோடு முடிந்திருந்ததனால் அது எங்கும் போய்விடாது. ஆனால் அலை எழுந்தால் எழும். அலை தாழ்ந்தால் தாழும். அதன் நடுவே சிறு குழி. அந்தக் குழியில் அப்போது நான்கு முட்டைகள் இருந்தன. செங்கமலத்திற்குப் பிறக்கவிருந்த தம்பி தங்கையர் அவர்கள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. யார் வீட்டை விட்டு இறங்கினாலும், இறங்குமுன் ஈரப்பாசியை இழுத்து முட்டைகளைப் போர்த்திவிட வேண்டும். பாசியின் சாறு ஊறி ஊறி, வெள்ளையாகப் பிறந்த முட்டைகள் சேற்று நிறம் கொண்டுவிடும். மேலிருந்து பார்த்தால் ஏரியில் மிதக்கும் குப்பைகளில் அதுவும் ஒன்று.

செங்கமலத்தின் நாள்கள் இனிமையாகவே கழிந்தன. விடியலில் ஒரு முழுக்கு. கூனி இறாலும் தலைப்பிரட்டையும் காலை உணவு. பிறகு வெயில் காய்ந்தபடி இறகு கோதுதல். நடுப்பகலில் தன் தோழியோடு பேச்சு. ஏரிக்கரையோடு உலகம் முடிகிறது என்றும், அவ்வுலகில் தன் வீடே சிறந்தது என்றும் அவள் நினைத்திருந்தாள்.

தோழியின் பெயர் வேதவல்லி. அவள் இலைக்கோழி இனத்தவள். நீண்ட மெல்லிய விரல்களால் தாமரை இலைகளின்மேல் நடப்பவள்.

ஒருநாள் வேதவல்லி கேட்டாள். "ஏண்டி செங்கமலம், எத்தனை நாளாய்ப் பழகுகிறோம்! உன் வீட்டை ஒருமுறையாவது காட்டினாயா?"

"நீ மட்டும் காட்டினாயாக்கும்?"

"முதலில் கேட்டவள் நான்! நாளைக்கு வருகிறேன். விருந்து பலமாக இருக்கவேண்டும், சொல்லிவிட்டேன்!"

"வாயேன்! உன்னை யார் தடுத்தார்கள்?" என்று சிரித்தாள் செங்கமலம்.

ஏரிக்குள் பட்டுப்போன கருவேலமரம் ஒன்று நின்றது. அதன் கிளையில் ஒரு காகம் அமர்ந்து இந்தப் பேச்சு முழுவதையும் கேட்டது. ஊர்க் கோயில் கோபுரத்தை ஒட்டிய அரசமரத்தில் கூடு கட்டியிருந்ததால், அது தன்னைக் 'கோபுரத்தான்' என்றே சொல்லிக்கொள்ளும். கோபுரத்தின் அருகில் வாழ்ந்ததேயன்றி, கும்பிட்டு வாழ்ந்ததில்லை.

பல நாளாகவே அதற்கு ஒரு கவலை. முக்குளிப்பான் வீட்டில் முட்டை இருக்கிறது என்பது தெரியும். ஆனால் அந்த வீடு எது? ஏரி முழுவதும் குப்பை மிதக்கிறது. எந்தக் குப்பை வீடு? எந்த வீடு குப்பை? பறந்து பறந்து கண் வலித்ததுதான் மிச்சம்!

வேதவல்லி போனதும் காகம் தாழ்ந்த கிளைக்கு இறங்கி வந்தது.

"அம்மா செங்கமலம், நலமா?"

"நலந்தான் மாமா. நாளை என் தோழி விருந்துக்கு வருகிறாள்!"

"அப்படியா, சந்தோஷம்! ஆனால்..." என்று காகம் கழுத்தைச் சாய்த்தது. "அந்த வீட்டிற்கா அழைத்தாய்?"

"ஏன் மாமா?"

"நான் சொன்னால் வருந்துவாய். வேண்டாம், விடு."

"சொல்லுங்கள் மாமா!"

"ஊர் பேசுவதைத்தான் சொல்கிறேன். உங்கள் வீடு நாறுகிறதாம்! உட்கார்ந்தால் ஆடுகிறதாம்! சொந்த இறகையே பிய்த்துத் தின்கிறீர்களாம்!"

செங்கமலத்தின் முகம் வாடியது. மீன்முள் வயிற்றைக் குத்தாதிருக்க இறகை விழுங்குவது அவள் குலத்தின் வழக்கம். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று அதுவரை அவள் யோசித்ததே இல்லை. இப்போது யோசித்தாள்.

"என் வீட்டைப் பார்! கம்பியால் முடைந்தது! யார் வந்தாலும் கோபுரக் கலசம் தெரியும்! உங்கள் வீட்டிலோ, பிறக்கப்போகும் பிள்ளைகளைக்கூட அழுகிய பாசியால் மூடி வைத்திருக்கிறார்கள். வருகிறவள் என்ன நினைப்பாள்?"

"நான் என்ன செய்யட்டும் மாமா?"

"இதற்கா கலக்கம்? அந்தப் பாசியை அள்ளி எறி! முட்டைகளைத் துலக்கி வெள்ளையாக்கு! சுற்றிலும் பூ வை! தொலைவில் வரும்போதே வேதவல்லி மயங்கி நிற்பாள்!"

மறுநாள் காலையில் பெற்றோர் இருவரும் இரை தேடப் புறப்பட்டார்கள்.

"வீட்டைப் பார்த்துக்கொள், கண்ணே! இறங்க நேர்ந்தால் போர்த்திவிட்டு இறங்கு" என்றாள் அம்புயம்.

"சரி அம்மா."

"தோழி வருகிறாளாமே! இறால் கொண்டுவருகிறேன்" என்றார் தெய்வநாயகம்.

அவர்கள் தலை மறைந்ததும் செங்கமலம் வேலையைத் தொடங்கினாள். போர்வைப் பாசியை வாரி நீரில் எறிந்தாள். அது அலையோடு போய்விட்டது. பின்பு ஈர மார்பால் ஒவ்வொரு முட்டையாகத் தேய்த்தாள். கறை எளிதில் விடவில்லை. தேய்த்தாள், தேய்த்தாள், மூச்சு வாங்கத் தேய்த்தாள். முடிவில் நான்கு முட்டைகளும் பால்போல் வெளுத்தன. காலை வெயில் பட்டு, ஏரியின் நடுவே அவை பளீரென்று ஒளிவிட்டன.

செங்கமலம் பெருமையோடு பார்த்தாள். 'இப்போது பார்க்கட்டும் ஊர்!' என்று எண்ணினாள். அழகுக்கு ஓர் அல்லிப்பூ வைத்தால் முழுமையாகிவிடும். பூ அருகில்தான் இருந்தது. போர்த்துவதற்குப் பாசி இல்லை. போர்த்தினால் இவ்வளவு துலக்கியதற்குப் பயனும் இல்லை. ஆகவே போர்த்தாமலே இறங்கினாள்.

பூவைக் கவ்வித் திரும்பியபோது நீரின்மேல் ஒரு கரிய நிழல் ஓடியது.

"அழைப்புக்கு நன்றி, அம்மணி!" என்று கூவிற்று காகம். "இத்தனை நாள் தேடியும் கிடைக்காத வீட்டை இன்று அரசமரத்திலிருந்தே கண்டுகொண்டேன்!"

செங்கமலத்தின் அலகிலிருந்து பூ நழுவியது.

"மாமா! அது என் தம்பி தங்கைகள்!"

"எனக்குச் சிற்றுண்டி!"

காகம் வீட்டின் விளிம்பில் வந்து தொப்பென்று அமர்ந்தது. மிதக்கும் வீடல்லவா? காகத்தின் கனத்தில் விளிம்பு நீருக்குள் சரிந்தது. கால் நனைந்த காகம் அருவருப்போடு கத்திக்கொண்டு மேலே எழுந்தது.

"சீ! இதெல்லாம் ஒரு வீடா! இரு, பறந்தபடியே கொத்திக்கொண்டு போகிறேன்!"

அது வட்டமிட்டு வருவதற்குள் செங்கமலத்திற்குக் கிடைத்தது சிறிது நேரமே. பாசியை எறிந்தாயிற்று. முட்டைகளை மறைக்க ஒன்றும் இல்லை. அழுதுகொண்டே சுற்றிலும் பார்த்தாள். சற்றுத் தொலைவில் தாமரை அடர்ந்து கிடந்தது.

'ஊரெல்லாம் ஆடும் வீடு என்கிறதே! ஆடுகிற வீடு நகரவும் நகரும் அல்லவா?'

அவ்வளவுதான்! குபுக்கென்று மூழ்கினாள். வீட்டைக் கட்டியிருந்த கோரை முடிச்சுகளை நீருக்கடியில் ஒவ்வொன்றாகக் கடித்து அறுத்தாள். கடைசி முடிச்சு அறுந்ததும், பின்புறமாக எழுந்து, மார்பால் வீட்டை உந்தத் தொடங்கினாள். காகம் பாய்ந்தது. செங்கமலம் சிறகால் நீரை வாரி அதன் முகத்தில் அடித்தாள். காகம் விலகியது. மீண்டும் உந்தினாள். மீண்டும் பாய்ந்தது. மீண்டும் அடித்தாள்.

"வேதவல்லீ!" என்று கதறினாள்.

விருந்துக்காக அப்போதுதான் இலைமேல் நடந்து வந்துகொண்டிருந்த வேதவல்லி, ஒரு நொடியில் யாவற்றையும் புரிந்துகொண்டாள்.

"இப்படித் தள்ளடி! இந்தப் பெரிய இலைகளுக்கு நடுவே! இன்னும் கொஞ்சம்!"

வீடு தாமரைக்குள் நுழைந்தது. நீருக்குமேல் குடைபோல் நிமிர்ந்து நின்ற இலை ஒன்றின் விளிம்பில் வேதவல்லி தாவி ஏறிக்கொண்டாள். இலை வளைந்து, முட்டைகளின்மேல் கூரையாகக் கவிந்தது. எதிர்ப்புறத்து இலையைச் செங்கமலம் அலகால் கவ்வி இழுத்தாள். இரண்டு இலைகளும் கூடின. மேலிருந்து பார்த்த காகத்திற்கு எங்கு நோக்கினும் இலை, இலையன்றி வேறில்லை.

"எங்கே போயிற்று? இங்கேதானே இருந்தது!"

வேதவல்லி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "தேட வேண்டுமானால் இறங்கித் தேடும்! நான் நிற்கவில்லையா?"

'இந்த நோஞ்சான் நிற்கிற இலையில் நான் நிற்க முடியாதா?' என்று எண்ணிற்று காகம். அருகில் நீரோடு படிந்து கிடந்த இலை ஒன்றில் இறங்கிற்று. வேதவல்லியின் நீண்ட விரல்கள் கனத்தைப் பரப்பித் தாங்கும். காகத்திற்கு ஏது அந்த விரல்? இலை கிழிந்தது. கோபுரத்தான் கழுத்துவரை நீரில் மூழ்கினான்! சிறகெல்லாம் நனைந்து, தாமரைக்கொடி காலில் சுற்றி, மூச்சுத் திணறித் திணறிக் கருவேலமரத்தில் போய்த் தொற்றினான்.

"மாமா, எங்கள் வீடு நாறுமே, ஆடுமே! ஏன் இவ்வளவு நேரம் அதையே சுற்றிச் சுற்றி வந்தீர்கள்?" என்றாள் செங்கமலம்.

"காலையில் உமது அரசமரத்துப் பக்கம் குயில் ஒன்று போனதைப் பார்த்தேன்" என்றாள் வேதவல்லி. "கம்பி வீட்டில் இருக்கும் முட்டையெல்லாம் உம்முடையதுதானா என்று எண்ணிப் பாரும்!"

காகத்திற்கு அப்போதுதான் தன் வீட்டு நினைவு வந்தது. ஈரச் சிறகை உதறவும் பொறுமையின்றி, தள்ளாடித் தள்ளாடிக் கோபுரத்தை நோக்கிப் பறந்தது.

சற்று நேரத்தில் பெற்றோர் திரும்பினார்கள். வீடு இருந்த இடத்தில் வெறும் நீர். அறுந்த கோரைத் தாள்கள் அசைந்துகொண்டிருந்தன. அம்புயத்தின் அலகிலிருந்த இறால் நீரில் விழுந்தது.

"செங்கமலம்! குழந்தாய்!" என்று அவள் எழுப்பிய குரல் ஏரிக்கரை வரை கேட்டது.

"இங்கே இருக்கிறேன் அம்மா! எல்லோரும் இருக்கிறோம்!"

தாமரை இலை விலகியது. நான்கு வெள்ளை முட்டைகளையும், நடுங்கும் மகளையும் பெற்றோர் கண்டார்கள். செங்கமலம் ஒன்றையும் மறைக்கவில்லை. வெட்கப்பட்டதையும், பாசியை எறிந்ததையும், துலக்கியதையும், போர்த்தாமல் இறங்கியதையும் சொன்னாள். சொல்லும்போதே விம்மினாள்.

தெய்வநாயகம் மூழ்கினார். ஒரு வாய்ப் பாசியோடு எழுந்தார். அதை முட்டைகளின்மேல் இட்டு மறுபடியும் மூழ்கினார். செங்கமலமும் பின்னாலேயே மூழ்கினாள். இருவரும் மாறி மாறிப் பாசி கொண்டுவந்தார்கள்.

அம்புயம் முட்டைகளின்மேல் ஏறி அமர்ந்து, அவற்றின் குளிர்ச்சியைத் தன் வயிற்றால் உணர்ந்து, நெடுமூச்செறிந்தாள். பிறகு மகளைப் பார்த்தாள்.

"வந்த பெண்ணுக்கு ஏதாவது கொடுத்தாயா?"

"இல்லை அம்மா."

"நல்ல விருந்து! முதலில் அவளை உட்காரச் சொல்."

வேதவல்லி விளிம்பில் மெல்லக் கால் வைத்தாள். வீடு ஆடியது. செங்கமலம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஐயோ, ஊஞ்சல்!" என்றாள் வேதவல்லி. "தினமும் இதிலா தூங்குகிறாய்? கொடுத்துவைத்தவளடி நீ!"

"நாற்றம்?"

"ஏரியில் ஏரி நாற்றம் அடிக்காமல் சந்தனமா மணக்கும்?" என்று சிரித்த வேதவல்லி, சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "நானும் ஒன்று சொல்கிறேன். உன்னை ஏன் இதுவரை அழைக்கவில்லை தெரியுமா? எங்களுக்குக் கூரையும் இல்லை, சுவரும் இல்லை. வெறும் இலையில்தான் முட்டை. அடைகாப்பதும் அப்பாதான், அம்மா வீட்டில் தங்கமாட்டாள். நீ சிரித்துவிடுவாயோ என்று பயந்தேன்."

செங்கமலம் தோழியை வியப்போடு நோக்கினாள். உலகம் ஏரிக்கரையில் முடியவில்லை. ஏரிக்குள்ளேயே எத்தனை வகை வீடுகள், எத்தனை வகைத் தாய் தந்தையர்!

"நாளைக்கு உன் வீட்டுக்கு வருகிறேன்" என்றாள். "விருந்து பலமாக இருக்கவேண்டும், சொல்லிவிட்டேன்!"

சில நாள்களில் முட்டைகள் பொரிந்தன. அன்று மிகவும் குளிர்ந்துபோயிருந்த ஒன்று மட்டும் தாமதம் செய்தது. அது வெளிவரும்வரை செங்கமலம் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகவில்லை. இறுதியில், கழுத்தில் கோடு போட்ட சிறு தங்கை ஒருத்தி ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தாள். வந்ததும் அக்காவின் முதுகில் ஏறிக்கொண்டாள். செங்கமலம் தன் மார்பிலிருந்து மெல்லிய இறகு ஒன்றைப் பிய்த்து, வேதவல்லி பார்த்திருக்கவே, தங்கையின் வாயில் ஊட்டினாள்.

அயலார் ஏளனத்திற்கு அஞ்சித் தம் வீட்டு வழக்கத்தின் காரணம் அறியாமலே அதைக் களைபவர், தம்மைக் காத்த போர்வையைத் தாமே எறிந்தவராவர்.

ஆலிலையில் மிதந்த அந்தப் பெருமான், இதைக் கேட்கும் உங்கள் ஒவ்வொருவர் வீட்டையும், அது ஆடினாலும் அமிழாமல் காப்பானாக. அதில் பிறக்கும் பிள்ளைகள் நீடு வாழ்க!