அம்பலவாணரின் சாக்பீஸ் கோடு

மங்கையம்மையின் குடில் மலையின் மேல் விளிம்பில் இருந்தது. அங்கே ஒரு வழக்கம். புரட்டாசி முடிகிற சமயம், முதல் மேகம் என்றைக்கு வாசலைத் தாண்டி உள்ளே வருகிறதோ, அன்றைக்குச் சீடர்கள் எல்லோரும் தங்கள் துணியைத் தரையில் விரித்து, குளிருக்கு என்ன தைக்கப் போகிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தைப்பதெல்லாம் அப்புறம்.

மேகம் உள்ளே நின்று கேட்கும் என்பார்கள். கேட்டுவிட்டுப் பின்வாசல் வழியே போய்விடுமாம். பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

அந்த வருஷம் அம்பலவாணர் புதிதாக வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், சர்வேயர் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். குரு மங்கையம்மைக்கோ அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் வந்த அன்றே "தாயே" என்று கூப்பிட்டுவிட்டார். குரு அவரைப் "பெரியவரே" என்றார். இரண்டு பேருக்கும் அதில் சங்கடமில்லை.

மேகம் வந்தது. ஒருவர் காதை மூடும் குல்லாய் என்றார். இன்னொருவர் ஏகப்பட்ட பைகள் வைத்த மேல்சட்டை என்றார். பையில் போட்டுக்கொள்ள அவரிடம் ஒரு சீப்பு கூடக் கிடையாது. இருந்தாலும் சொல்கிறபோது முகம் மலர்ந்திருந்தது.

அம்பலவாணரின் முறை வந்தது. தேன் நிறக் கம்பளித் துணியை விரித்தார். அதன்மேல் வெள்ளைச் சாக்பீஸில் கழுத்து, தோள், கை எல்லாம் வரைந்திருந்தது.

"எனக்கு ஒரு கம்பளிச் சட்டை. நான் யோசிக்க ஒன்றுமில்லை. என் மனைவி பூரணம் யோசித்துக் கோடு போட்டு வைத்தாள். வெட்டுவதற்குள் போய்விட்டாள்."

"அப்படியானால் வெட்டலாமே?" என்றார் குரு.

"வெட்டினால் கோடு போய்விடும், தாயே. எனக்கென்று அவள் கை கடைசியாகச் செய்தது இதுதான். சும்மா வைத்தாலும் உதிர்கிறது. காலையில் எழுந்து பார்த்தால் எங்காவது மங்கியிருக்கும். உடனே அதே இடத்தில் மேலே போட்டுவிடுவேன். ஒரு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை."

குரு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போனவளை எப்படிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது? அதைக் கேட்கத்தான் மலையேறினேன்."

"மேகம் போகட்டும்" என்றார் குரு. மேகம் போயிற்று. அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஐப்பசி வந்தது. மற்றவர்களின் துணிகள் ஒவ்வொன்றாக உடுப்பாகிவிட்டன. அம்பலவாணர் மட்டும் விரித்த துணிக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருந்தார். காலர் படுத்திருக்கட்டுமா, நிற்கட்டுமா? பொத்தான் கொட்டாங்கச்சியிலா, மரத்திலா? யோசிக்க யோசிக்கச் சட்டை அவர் மேலேயே வந்து உட்கார்ந்துவிடும். அதன் கதகதப்பில் கண் செருகும்.

போர்த்திக்கொள்ள யாராவது ஒரு கம்பளம் கொடுத்தால் வாங்கமாட்டார். "எனக்குச் சட்டை இருக்கிறதே" என்பார், பல் கிடுகிடுத்துக்கொண்டிருக்கும்போதே.

தூக்கத்தில் பூரணம் வருவாள். துணிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள், தைக்கிறபோது வழக்கமாக வைத்துக்கொள்வது போல உதட்டில் குண்டூசிகளோடு. இவர் காலரைப் பற்றிக் கேட்பார். அவள் ஏதோ சொல்ல வருவாள். வாயில் ஊசி இருப்பதால் சொல்லமுடியாது. தலையை மட்டும் ஆட்டுவாள்.

உங்களுக்கு நன்றாக இருக்கும் என்றுதான் சொல்ல வந்தாள் என்று எண்ணிக்கொண்டு இவர் எழுந்திருப்பார். கனவிலும் நமக்குத் தோதான பதிலைத்தானே எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு விடியற்காலை குரு அவர் அறைக்கு வந்தார்.

"அந்த முனையைப் பிடியுங்கள், பெரியவரே."

பிடித்தார். துணியோடு இருவரும் வாசலுக்கு வந்தார்கள். வெளியே மரம் எது, வழி எது என்று தெரியாத பனி.

"உதறுங்கள்."

"கோடு, தாயே!"

குரு உதறினார். ஒரு முறை, இன்னொரு முறை. வெள்ளைத்தூள் எழும்பிப் பனியோடு பனியாகப் போயிற்று. துணியில் எதுவும் மிஞ்சவில்லை.

அம்பலவாணர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்ன காரியம் செய்துவிட்டாய்!" என்று கத்தினார். தாயே என்பதும் மறந்துபோயிற்று, மரியாதையும் மறந்துபோயிற்று. கண்ணீர் மூக்கு நுனியில் சொட்டியது.

குரு கோபித்துக்கொள்ளவில்லை. துணியை உள்ளே கொண்டுபோய் விரித்து, கண்ணை மூடி விரல்நுனியால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இங்கே தொட்டுப் பாருங்கள்."

வேண்டாவெறுப்பாகத் தொட்டார். ஏதோ நெருடியது. குனிந்து பார்த்தார். துணியின் நிறத்திலேயே சின்னதாக ஒரு நூல்.

"என்ன இது?"

"சாக்பீஸ் உதிரும் என்று தைக்கிறவர்களுக்குத் தெரியும். அதனால் முக்கியமான இடத்திலெல்லாம் ஊசியால் ஒரு நூல் ஓட்டி அடையாளம் வைப்பார்கள். உங்கள் வீட்டு அம்மாவும் ஓட்டியிருக்கிறார்."

அம்பலவாணருக்கு உயிர் வந்தது. தவழ்ந்து தவழ்ந்து தேடினார். கழுத்தில் ஒன்று, தோள்முனையில் ஒன்று, கைக்குழியில் ஒன்று. எல்லைக்கல்லைக் கண்டுபிடித்த சந்தோஷம். சாக்பீஸை எடுத்து நூலுக்கு நூல் கோடு இழுத்தார். இழுத்து முடித்து எழுந்து நின்று பார்த்தார்.

சட்டை சின்னதாக இருந்தது.

துணியைத் தூக்கித் தன் தோளில் வைத்துப் பார்த்தார். தோள்முனை வரைக்கும் எட்டவில்லை.

"துணி சுருங்கிவிட்டதோ?"

"துணி அப்படியேதான் இருக்கிறது. கோடுதான் நகர்ந்திருந்தது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக."

"நகர்த்தியது யார்?"

குரு அவர் கையில் இருந்த சாக்பீஸைப் பார்த்தார்.

"நானா?" என்றார் அம்பலவாணர். பக்கத்து நிலத்துக்காரன் வரப்பை விரற்கடை தள்ளி வைத்தாலும் கண்டுபிடித்துச் சொன்னவர் அவர். அந்தப் பெருமையில்தான் இத்தனை காலம் நிமிர்ந்து நடந்தார்.

"அப்படியானால் இது யார் தோள்?"

 அம்பலவாணர் மெல்லக் குனிந்து, கோடு போட்ட அந்தத் தோளின் மேல் உள்ளங்கையை வைத்தார். கை அங்கே கச்சிதமாக உட்கார்ந்தது. அது எத்தனையோ முறை உட்கார்ந்த இடம்.

"பூரணம்" என்றார்.

நெடுநேரம் கையை எடுக்கவில்லை.

"எனக்கில்லை, தாயே. தனக்குத்தான் போட்டிருக்கிறாள். அவள் தைத்ததெல்லாம் எனக்குத்தான் என்று... அவளுக்கு எதற்குக் கம்பளி? குளிர்கிறது என்று அவள் ஒருநாளும்..."

 பிறகு பேசியபோது குரல் தணிந்திருந்தது.

"உத்தியோகத்தில் ஒரு மலையூருக்கு மாற்றலாகிப் போனதிலிருந்து ராத்திரி ஜன்னலை நான்தான் திறந்து வைப்பேன். எனக்குப் புழுங்கும். அவள் சுவர்ப்பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கிப் படுத்துக்கொள்வாள். அப்படிப் படுத்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும் என்று நினைத்திருந்தேன்."

குரு கத்தரிக்கோலை அவர் பக்கம் நகர்த்தினார்.

"கோட்டுக்கு வெளியே இரண்டு விரல் துணி விட்டு வெட்டுங்கள். தையல்தான் கோட்டின் மேல் போக வேண்டும்."

"கோட்டின் மேலேயே வெட்டவேண்டாமா?"

"வேண்டாம்."

வெட்டினார். நூல் இருந்த இடத்தையெல்லாம் பத்திரமாக உள்ளே விட்டு வெட்டினார். குரு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார். அம்பலவாணர் வாசலுக்கு நேரே உட்கார்ந்து தோளைத் தைக்கத் தொடங்கினார்.

திறந்த கதவு வழியே பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. முதலில் விரல் மரத்தது. பிறகு முதுகு சிலிர்த்தது. அவருடைய சட்டை நினைப்பெல்லாம் கலைந்துபோயிருந்தது. மலையேறி வந்தபின் முதல் தடவையாக, தனக்குக் குளிர்கிறது என்பது அவருக்கு உறைத்தது.

"எலும்பு வரைக்கும் குளிர்கிறது, தாயே. கதவைச் சாத்திவிடட்டுமா?"

"கொஞ்ச நேரம் திறந்திருக்கட்டும், பெரியவரே" என்றார் குரு. "அந்த அம்மாவைத் தேடித்தானே வந்தீர்கள்? இத்தனை வருஷமும் அவர் இந்தக் குளிருக்குள்ளேதான் இருந்திருக்கிறார்."