காது வரை இழுத்த அம்பு

ஏரி உடைந்து ஊர் பாதி முழுகிய வருடம் அது. இனிக் கரையிலிருந்து ஓர் அம்புத் தூரத்துக்கு யாரும் குடியிருக்கக் கூடாது என்று மன்றத்தில் முடிவாயிற்று. எல்லை குறிக்க வில்லாளி கொற்றனை அழைத்தார்கள். நாற்பது வயதுவரை அவனுக்கு அப்படியொரு கூட்டம் கூடியதே இல்லை. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. கரையில் நின்று இழுத்தான், விட்டான். குயவர் தெருவின் கடைசி வீட்டுக் கொல்லையில் போய் விழுந்தது அம்பு. ஊர் ஆர்ப்பரித்தது. குயவர் தெருக்காரர்கள் மட்டும் தங்கள் கூரைகளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை, தனக்கு வில் கற்றுத்தந்த ஆசான் ஆதனார் முன் வந்து நின்றான். அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஓர் அம்புத் தூரம் என்றால் எத்தனை அடி?"

"எதற்கு?"

"ஒன்பது வீட்டைப் பிரிக்கிறார்கள்."

"எல்லை அம்பை எதுவரை இழுக்கச் சொல்லிக்கொடுத்தேன்?"

"நெஞ்சு வரை."

"நீ?"

"காது வரை."

காது வரை இழுப்பது போருக்கு; அம்பு வெகுதூரம் போகும். வில் பிடித்தவர்களுக்குத்தான் அது தெரியும், ஊருக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியாது என்பது கொற்றனுக்கு நன்றாகத் தெரியும். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

"வரும் வழியில், உடைச்சி என்கிற குயத்தி தன் வீட்டுக் கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தாள், ஐயா. என்னைக் கண்டதும் இறங்கி வந்தாள். 'மழையில நனைஞ்சிடுமேன்னு எடுத்து வச்சேன் சாமி' என்று என் அம்பை இரண்டு கையாலும் நீட்டினாள்."

"வாங்கிக்கொண்டாயா?"

"வாங்கிக்கொண்டேன்."

ஆதனார் அடுத்த இணுக்கை எடுத்தார்.

"காற்று தூக்கிப் போய்விட்டது என்று சொல்லி மறுபடி எய்யட்டுமா, ஐயா?"

"காற்று அடித்ததா?"

"இல்லை."

"அப்புறம்?"

"உள்ளதைச் சொன்னால் வீடுகள் தப்பும். மன்றத்தில் இப்போதும் எல்லோரும் கூடித்தான் இருக்கிறார்கள். ஆனால் நேற்றுக் கைதட்டியவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? அங்கே போகக் கால் வரவில்லை, ஐயா."

"இங்கிருந்து மன்றம் எவ்வளவு தூரம்?"

தூரம் சொல்வதில் கொற்றன் கெட்டிக்காரன். யோசிக்காமல் சொன்னான்.

"கூப்பிடு தூரம்தான், ஐயா."

"அப்படியானால் இங்கிருந்தே கூப்பிட்டுச் சொல்."