பதின்மூன்றாவது தகடு

"பன்னிரண்டாவது தகடும் பாழ், மேடம்" என்றார் இருதயராஜ். இதையே சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் கசந்துபோயிருந்தது.

தையல்நாயகி நிமிர்ந்து பார்த்தார். இருதயராஜைவிடப் பதினைந்து வயது சிறியவர். ஆனாலும் ஹோலோகிராம் வித்தையில் அவருக்கு இவர்தான் குரு.

"இன்னும் எத்தனை இருக்கு?"

"ஒண்ணே ஒண்ணு. அதுவும் போச்சுன்னா கம்பெனியில வேலையைச் சுழல் கண்ணாடிக்காரங்க கையில குடுத்துருவாங்க. மூணு வருஷ உழைப்பு, மேடம்!"

விஷயம் இதுதான். லேசர் பிரிண்டரில் எழுத்து விழ, ஒளிக்கதிர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியாக வேண்டும். ஊரெல்லாம் கண்ணாடியைச் சுழற்றி அதை ஓட்டுகிறது. நம் ஆளுக்கோ ஹோலோகிராம் என்ற ஒளிக்கோலம் பதிந்த தகட்டைச் சுழற்றித்தான் ஓட்ட வேண்டும். அதைப் பதிய, இரண்டு லேசர் கதிர்கள் தகட்டின் மேல் நாற்பது விநாடி சந்திக்க வேண்டும். அதற்குள் மேசையோ தரையோ சுற்றியுள்ள காற்றோ துளி அசைந்தாலும் தகடு குப்பைக்குத்தான்.

"ஃபேனை நிறுத்தியாச்சு. ஏசியை நிறுத்தியாச்சு. வாட்ச்மேன்கிட்ட கேட்டைத் திறக்காதேன்னு சொல்லியாச்சு. மேசைக்குப் பக்கத்துல செருப்பில்லாம, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணெடுக்காம பாத்துக்கிட்டு நிக்கிறேன். இன்னும் என்னதான் பண்ணித் தொலைக்கிறது?"

தையல்நாயகி எழுந்து போய்க் கடைசித் தகட்டை அதனிடத்தில் பொருத்தினார். அரை மணி கழித்து லேசர் தானே எரிந்து, நாற்பது விநாடியில் தானே அணையும்படி டைமரை வைத்தார். இருதயராஜின் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்து, கதவைப் பூட்டினார்.

"மேடம், உள்ள யாராச்சும் பாத்துக்க வேண்டாமா?"

"வேண்டாம்."

"கடைசித் தகடு மேடம்!"

"தெரியும். வேர்க்கடலை சாப்பிடுறீங்களா?"

இருதயராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று வருஷம் உயிரைக் கொடுத்தவனிடம் வேர்க்கடலையா! வராந்தாவில் இப்படியும் அப்படியும் நடந்தார். கதவில் காதை வைக்கப் போனவரை, தையல்நாயகி ஒரு பார்வையிலேயே உட்காரவைத்தார்.

முக்கால் மணி நேரம் போனது. தகட்டை ஃபோட்டோ போலக் கழுவி, உலர்த்தி, மோட்டாரில் மாட்டிச் சுழலவிட்டார்கள். எதிர்ச்சுவரில் சிவப்புக் கோடு பளிச்சென்று, ஒரே நேராக ஓடியது.

இருதயராஜ் அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

"அதே மேசை, அதே லேசர், அதே நாற்பது விநாடி. நீங்க என்னத்த மாத்துனீங்க?"

"ஒரு ஆளைக் குறைச்சேன், சார்."